முள் எடுத்த மீன்

செப்டம்பர் 22, திங்கள்

என் பெயர் தொம்மை. கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவன். நாலாம் வகுப்பில் பாதியிலே பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. கையெழுத்துப் போடுவேன், எந்த மீன் என்ன விலைக்குப் போனது என்று எழுதுவேன். அதற்கு மேல் எழுத இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரம்மா உத்தரவு.

கொஞ்ச நாளாக ராத்திரியில் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது. வயிறு பேத்தை மீன் மாதிரி உப்பிக்கொள்கிறது. ஏப்பம் வந்தால் கொஞ்சம் விடும், பிறகு மறுபடி பிடிக்கும். போன வாரம் என் பெண்டாட்டி கித்தேரி பயந்துபோய் ஆட்டோ பிடித்து என்னை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் கம்பி ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஓடுகிற பட்டையின் மேல் நடக்கவிட்டார்கள். இன்றைக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்:

"உங்க இதயம் நல்லாத்தான் இருக்குங்க. வயித்துல இருக்கிற புளிச்ச தண்ணி நீங்க படுத்ததும் மேல ஏறுது. வாயுவும் கட்டிக்குது. அதான் நெஞ்ச அடைக்குது."

"என் இதயம் நல்லாருக்குன்னு இவகிட்ட ஒரு தரம் சத்தமா சொல்லுங்கம்மா. கல்யாணமான நாள்ல இருந்து நம்ப மாட்டேங்கா."

டாக்டரம்மா சின்னப் பெண். ஈரோட்டுப் பக்கம். சிரித்தார். உடனே சிரிப்பை மடக்கிக்கொண்டு சொன்னார்: "ஆனா வேர்த்துக் கொட்டினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ போனாலோ, வாயுதானேன்னு வீட்ல இருக்கக் கூடாது. அந்த நிமிஷமே வந்துரணும்."

ராத்திரி என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எப்போது படுத்தேன், நெஞ்சு எப்படி இருந்தது. இதைத் தினமும் எழுதிக் கொண்டுவர வேண்டுமாம். ராத்திரிக் கணக்கை விடிந்ததும் சேர்த்து எழுதுவேன். சரி.

இரவு: நாலு இட்லி, எட்டு மணி. படுத்தது: பத்து மணி. நெஞ்சு: விடியும் முன் பிடித்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

இரவு: மூன்று தோசை, எட்டு மணி. படுத்தது: பத்து. நெஞ்சு: பிடித்தது. சோடா குடித்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஏலம் விடுகிறவனுக்குத் தொண்டையும் நெஞ்சும்தான் மூலதனம். இன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கத்தினேன். நல்ல சீலா மீன் வந்திருந்தது. மீன் வாங்க வருகிற ப்ளோராவைத்தான் முதலில் வம்புக்கு இழுப்பேன். அவளை இழுத்தால் கூட்டம் தானாகச் சேரும்.

"ஏ ப்ளோரா, இந்தச் சீலாவப் பாரு. உன் மாப்பிள்ளையவிட வெறப்பா கெடக்கு."

"அது செத்துப்போயி கெடக்கு. எம்மாப்பிள்ள உசுரோட கெடக்காரு. நீரு வெலையச் சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். ப்ளோரா மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். செத்துப்போவது பற்றி என் முன்னால் யாரும் பேசுவதில்லை. நான் இன்னும் சத்தமாகச் சிரித்து விலையை ஏற்றிவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு இது வேண்டாத சங்கதிதான். இருந்தாலும் கை வந்துவிட்டது, எழுதுகிறேன். நசரேன் என் மகன். ஒரே மகன். போன வருடம் ஆனி மாதம் கடலுக்குப் போனான். வள்ளம் கவிழ்ந்து கிடைத்தது. கூடப் போன இரண்டு பேரும் கரை ஒதுங்கினார்கள். இவன் ஒதுங்கவில்லை. தெரிந்தது அவ்வளவுதான். அதனால் எங்கள் வீட்டில் அவனுக்குப் பூசை வைக்கவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை.

எங்கள் பக்கம் கடலுக்குப் போனவனுக்குப் பின்வாசல் பக்கத்தில் சோறு மூடி வைப்பது வழக்கம். எந்நேரம் வந்தாலும் பசியாறுவான். அந்தச் சோற்றை வீட்டில் இருக்கிறவர்கள் தொடக் கூடாது. தொட்டால் அவன் வரமாட்டான் என்று நாமே சொன்ன மாதிரி. கித்தேரி இன்னும் தினமும் வைக்கிறாள். காலையில் தட்டு காலியாக இருக்கும். அவள் ஒன்றும் பேசாமல் கழுவி வைப்பாள்.

எங்கள் ஊரில் பூனை அதிகம்.

இரவு: நாலு இட்லி. நெஞ்சு: பிடித்தது.

செப்டம்பர் 29, திங்கள்

டாக்டரம்மா நோட்டைப் புரட்டி இரவுக் கணக்கை மட்டும் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"நாலு இட்லி, மூணு தோசை. இதுக்கு இவ்வளவு ஆகாதுங்களே. வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

"சோடா குடிக்கேன்மா. வாயு போகட்டும்னு."

"சோடாவுக்குள்ள இருக்கிறதே வாயுதானுங்க. உள்ள இருக்கிறது போதாதுன்னு காசு குடுத்து வேற வாங்கி ஊத்திக்கறீங்களா?"

இவர் ஏலம் விட வந்தால் என் பிழைப்பு போய்விடும்.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். இடது பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். கடைசி வாய் சோற்றுக்கும் படுப்பதற்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். தின்றதும் படுத்தால் எந்த மாத்திரையும் கேட்காது என்றார். நான் தலையை ஆட்டினேன். கித்தேரி சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்:

"காரம் ஆகாதாம்மா?"

"குறைச்சுக்கணும்."

"புளி?"

"அதையும்தான். எண்ணெய்ல பொரிச்சதும் வேண்டாம்."

"கஞ்சி?"

"ரொம்ப நல்லது."

"ஏட்டி, இட்லிக்கு ஏது புளியும் காரமும்?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது அபூர்வம். அதனால் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்தேன். சந்தியாகு வந்து பார்த்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. "என்னவே இது, வள்ளத்தக் கடல்ல எறக்கப் போறீரா?" என்றான். "ஆமாவே, வாரும், பின்னால புடிச்சுத் தள்ளும்" என்றேன்.

படுத்தால் ராத்திரி முழுக்கக் கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போகிறேன். கித்தேரி கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். எப்போதும் பின்வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் படுப்பாள்.

இரவு: நாலு இட்லி. நெஞ்சு: கொஞ்சம் குறைவு. ஆனால் பிடித்தது.

அக்டோபர் 3, வெள்ளி

பங்குச் சாமி, எங்கள் கோயில் பாதிரியார், வீட்டுக்கு வந்தார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தோம். அடுத்த மாதம் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊரே போய்த் தங்கள் ஆட்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும். கடலோடு போனவர்களுக்குக் கரையில் ஒரு சிலுவை இருக்கிறது, அதற்கடியில் ஏற்றுவார்கள். போன வருடம் அன்றைக்கு நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தோம்.

"தொம்மை, இந்தத் தடவ பூசையில நசரேன் தம்பி பேரையும் சேத்து வாசிச்சிரலாமா? அவன் ஆத்துமாவுக்கு நம்ம செபம் வேணும்லா."

கித்தேரி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்தத் தம்ளரைத் தவிர கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

"சாமி, அவன் பேர வாசிச்சா எந்திரிச்சு வந்து சண்ட போடுவான். சின்னதுல இருந்தே பூசைன்னா ஓடுத பய."

சாமி சிரிக்கவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் சரி என்று சொல்லியிருந்தால் உள்ளே இருக்கிறவள் என்ன ஆவாள்? அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இரவு: மூன்று தோசை. நெஞ்சு: பலமாகப் பிடித்தது.

அக்டோபர் 6, திங்கள்

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் நோட்டை டாக்டரம்மாவிடம் கொடுப்பேன்.

பூனை இல்லை. நான்தான்.

அவன் போன புதிதில் கித்தேரி வைத்த சோறு காலையில் அப்படியே இருக்கும். எறும்பு மொய்த்திருக்கும். அவள் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஊரைச் சிரிக்க வைக்கிற எனக்கு அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு ராத்திரி எழுந்துபோய் இருட்டில் உட்கார்ந்து தின்றேன். தொடக் கூடாத சோறு. அவன் வரமாட்டான் என்று ஒவ்வொரு வாய்க்கும் நானே சொல்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் தட்டை வழித்துத் தின்றேன்.

காலையில் காலித் தட்டைப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்தாள். அன்றைக்குத்தான் தலை சீவினாள்.

அதற்குப் பிறகு நான் நிறுத்த முடியுமா?

அந்த நாட்களில் நான் என் தட்டில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. சாப்பிட்டிருப்பேன்.

இப்போது எட்டு மணிக்கு அவள் முன்னால் இட்லி. நடுராத்திரிக்கு மேல் அவன் சோறு. கிழங்கான் மீனுக்குத் தீயாகக் குழம்பு வைப்பாள், அவனுக்குப் பிடிக்கும் என்று. தின்ற கையோடு வந்து படுத்துவிடுவேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அவள் விழித்துக்கொள்வாளே. டாக்டரம்மாவின் சட்டத்தை இந்த வீட்டில் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அக்டோபர் 9, வியாழன்

நேற்று அவன் தட்டில் கஞ்சியும் பருப்புத் துவையலும் இருந்தன.

கஞ்சி என்றால் நசரேன் வீட்டைவிட்டே ஓடுவான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட மூக்கைப் பிடித்துத்தான் ஊற்றினோம். இவளுக்கு அது மறந்துவிட்டதா? இரண்டு நாளாக மிளகாயும் இல்லை, புளியும் இல்லை. அளவும் கம்மி. எனக்குச் சாப்பிட இதமாகத்தான் இருந்தது. ஆனால் மனதுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெற்றவளே அவன் நாக்கை மறந்துவிட்டாள் என்றால் பிறகு யார் நினைத்திருப்பார்கள்?

அவளிடம் கேட்க முடியாது. கேட்டால், தட்டில் என்ன இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள்.

நெஞ்சு: லேசாகத்தான்.

அக்டோபர் 11, சனி

நேற்று அவித்த பாறை மீன். இருட்டில்தான் தின்றேன். ஒரு முள்கூடத் தட்டுப்படவில்லை. பாறையிலும் இப்படி ஒரு ஜாதி இருக்கிறதா என்று சந்தியாகுவிடம் கேட்டேன். "ஓய், வயித்து வாயு உமக்குத் தலைக்கு ஏறிட்டு" என்றான்.

அக்டோபர் 15, புதன்

நேற்று மத்தியானம் ஒரு கல்யாண வீட்டில் ஆசைப்பட்டுக் கறி தின்றுவிட்டேன். ராத்திரி வயிறு கல்லாகிவிட்டது. நெஞ்சுக்கு மேல் நங்கூரம் கிடக்கிற மாதிரி. வேர்க்கவில்லை, கை வலிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இடது பக்கம் சாய்ந்தபடியே கிடந்தேன். பின்வாசலுக்குப் போகத் தெம்பில்லை. அவன் சோறு மூடியபடியே இருந்தது.

விடிந்ததும் கித்தேரி எழுந்தாள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். தட்டைத் திறப்பாள், மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள் என்று நினைத்து எனக்கு வயிற்று வலியே மறந்துவிட்டது.

மூடியை அவள் திறக்கவே இல்லை. மூடியிருந்ததைப் பார்த்ததும் நேரே என்னிடம் வந்தாள். என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்னைவிடப் பரவாயில்லை, ஆனாலும் விடவில்லை என்றேன். டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். கிழித்த பக்கங்களின் ஓரம் தெரிந்தது போல. விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. "இன்னும் நாலு இட்லிதானுங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கித்தேரி சொன்னாள்.

"இல்லம்மா. நடுச்சாமத்துக்கு மேல எந்திரிச்சு இன்னொரு தட்டுச் சோறு திங்காவ. தின்னுட்டு ஒடனே படுத்திருவாவ."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுங்களா?" என்றார் டாக்டரம்மா.

"நாந்தான வைக்கேன்."

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு யாராவது என்றால் திட்டியிருப்பார்கள். அவர் மெதுவாக, "அது யாருக்கு வைக்கிற சோறும்மா?" என்று கேட்டார். கித்தேரி சொன்னாள். முழுக்கச் சொன்னாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ்ஸை விட்டோம். அடுத்ததையும் விட்டோம்.

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"மொத நாளே தெரியும். கையக் கழுவிட்டு வந்தாலும் கொழம்பு வாசம் போவுமா?"

"பெறவு ஏன் வச்ச?"

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அவன் போன பெறவு நீங்க ஒரு பருக்க உள்ள எறக்கல. கடக்கரையில அந்தப் பாடு சிரிச்சுட்டு வந்து, வீட்டுல தட்ட எங்கிட்டயே தள்ளி விட்டிருவிய. கண்ணு குழிக்குள்ள போயிட்டு. அவனக் கடல் எடுத்திட்டு, இவரயும் எடுக்கப் போவுதுன்னு இருந்தேன். ஒருநா காலையில பாத்தா தட்டு காலி. அன்னைக்குத்தான் எனக்கு மூச்சு வந்திச்சு. தல சீவினேன்."

இன்னொரு பஸ் வந்து நின்றது. போகச் சொல்லிக் கையை ஆட்டினேன்.

"நான் நிப்பாட்டினா, அவன் வரமாட்டான்னு நான் முடிவு கட்டிட்டேன்னு நெனப்பிய. அது உங்களுக்குத் தாங்காதுன்னு வச்சேன். எஞ்சோறுதான் உங்க நெஞ்ச அடைக்குன்னு அந்த டாக்டர் புள்ள சொன்னப்ப, வைக்கவும் முடியல, நிப்பாட்டவும் முடியல. மொளவாயக் கொறச்சேன். இருட்டுல திங்கியளேன்னு முள்ள எடுத்தேன்."

"அப்ப நீ நம்பல."

"வள்ளம் வந்த அன்னைக்கே தெரியும்லா. நீங்க நம்புறியன்னுல்லா இருந்தேன்."

நானும் அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. "கஞ்சி வந்தன்னைக்கே நெனச்சேன்" என்றேன். பொய். அவளுக்குத் தெரியும்.

"நெனச்சிய. பாறையில முள்ளு இல்லாத ஜாதி இருக்கான்னு ஊரெல்லாம் கேட்டியளாமே. சந்தியாகு அண்ணன் சொல்லிச்சு."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அது சிரிப்பாக இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்ற கூட்டம் எங்களைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன். அவன் போன பிறகு அவள் என் முன்னால் அழுவது இதுதான் முதல் தடவை. நானும் அப்படித்தான்.

அக்டோபர் 24, வெள்ளி

இரவு: மூன்று இட்லி, ஏழு மணி. படுத்தது: பத்தரை. பின்வாசலில் ஒன்றும் வைக்கவில்லை.

நெஞ்சு: பிடிக்கவில்லை. தூக்கம்: இரண்டு பேருக்கும் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

ஒரு வாரமாக வயிறு உப்பவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

சாயங்காலம் கரையில் இருக்கிற சிலுவைக்குப் போனோம். ஊர் முழுக்க வந்திருந்தது. அங்கே பெயரைச் சாமி வாசிப்பதில்லை. வீட்டு ஆட்கள்தான் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு உரக்கச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. தினமும் கடல் இரைச்சலுக்கு மேலே கத்துகிற தொண்டை. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ப்ளோரா தலையைக் குனிந்துகொண்டாள். மெழுகுவர்த்தி இரண்டு தரம் அணைந்தது. சந்தியாகு தன் தொப்பியைக் கழற்றிக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கித்தேரிதான் சொன்னாள். "நசரேன். தொம்மை, கித்தேரி மகன்." அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அலைக்கு மேலே போய் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "நாளையில இருந்து நீ ஏலத்துக்கு வாட்டி. நான் வீட்டுல இட்லி அவிக்கேன்."

"நீங்க அவிச்சா ஊருக்கே நெஞ்சடைக்கும்."

ப்ளோரா நேற்றே கிழங்கான் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஐஸில் போட்டு வைத்திருந்தோம். கித்தேரி அவனுக்கு வைக்கிற மாதிரியே மிளகாய் அள்ளிப்போட்டுக் குழம்பு வைத்தாள். ஒருநாள் தின்றால் ஒன்றும் ஆகாது, டாக்டரம்மா கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அவன் தட்டை எடுத்து, அதில் ஒரே தட்டாகச் சோறு போட்டு, விளக்குக்குக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் அதில்தான் தின்றோம். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்துக்கு வந்தது என்றே இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

மீனில் இன்றைக்கு முள் இருந்தது. வெளிச்சம் இருந்ததால் நானே எடுத்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் கிடந்த துண்டுக்கும் எடுத்துக் கொடுத்தேன்.